கனிம ஆய்வுக்கு உள்கட்டமைப்பு வரைபடம் போடுவது எப்படி? கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தொடக்கம்

நான் முதன்முதலில் போட்டுக் கொடுத்த உள்கட்டமைப்பு வரைபடத்தில் ஒரு சாலை இருந்தது. தரையிலும் அந்தச் சாலை இருந்தது, அதில் பொய் இல்லை. பண்ருட்டிக்குத் தெற்கே முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் போகும் ஊராட்சித் தார்ச்சாலை. செயற்கைக்கோள் படத்தில் பளிச்சென்று தெரிந்தது, கோடு இழுத்தேன், "அணுகுசாலை" என்று பெயர் எழுதினேன். துளையிடும் ரிக் ஏற்றிய லாரி அந்த வழியே போய், ஒரு வாய்க்கால் மேலிருந்த சிறுபாலத்தில் பின்சக்கரம் இறங்கி நின்றுவிட்டது. மறுநாள் மதியம்தான் கிரேன் வந்து தூக்கியது. கிரேன் வாடகை யார் தலையில் என்ற பஞ்சாயத்து அதற்கப்புறமும் ஒரு மாதம் ஓடியது.

பக்கத்தில் இருப்பது வேறு, பயன்படுவது வேறு. இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் இதற்குள் அடங்கிவிடும். சாலை, மின்கம்பி, ஏரி, ரயில் எதை வரைந்தாலும் "இது இருக்கிறதா" என்பதோடு நிற்காமல் "என் லாரி போகுமா, என் மோட்டார் ஓடுமா, யாரைக் கேட்க வேண்டும்" என்பதையும் சேர்த்து வரைய வேண்டும். புவியியல் படித்துவிட்டோ சிவில் டிப்ளமோ முடித்துவிட்டோ இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரைபடம் போடும் கியூஜிஐஎஸ் (QGIS) மென்பொருளைத் திறந்து ஒரு அடுக்கைச் சேர்க்கத் தெரிந்தால் போதும். மென்பொருள் இலவசம், கணினி சுமாரானதே போதும்.

முதலில், யாருக்காக வரைகிறீர்கள்?

இதைக் கேட்காமல் உட்காராதீர்கள். துளைப்பு ஒப்பந்ததாரருக்கு வேண்டியது ஒரு வரைபடம், முதலீட்டாளர் அறிக்கையில் போகிறது இன்னொரு வரைபடம். இரண்டையும் ஒரே தாளில் அடைத்தால் இரண்டு பேருமே திட்டுவார்கள்.

நம் நாட்டில் 2015ஆம் ஆண்டின் கனிம இருப்புச் சான்று விதிகள்படி ஆய்வை ஜி4, ஜி3, ஜி2, ஜி1 என்று நான்கு கட்டமாகப் பிரிக்கிறார்கள். ஜி4 என்பது மேலோட்டமான உளவு, ஜி1 வரும்போது துளைகள் நெருக்கமாகி விவரம் முழுமையாகிவிடும். ஜி4இல் இருக்கும்போதே ஒவ்வொரு வீட்டு மின்கம்பத்தையும் வரைந்துகொண்டிருப்பது வெட்டிவேலை. ஜி2இல் வந்து நின்றுகொண்டு "கடலூர் துறைமுகம் பக்கத்தில்தான்" என்று ஒரு அம்புக்குறி போட்டுவிட்டுப் போவதும் வேலைக்கு ஆகாது. வெளிநாட்டு முதலீடு சம்பந்தப்பட்டால், கனடாவின் 43-101 அறிக்கை முறையில் ஐந்தாவது பகுதியே அணுகுவசதி, தட்பவெப்பம், உள்ளூர் வளம், உள்கட்டமைப்பு, நில அமைப்பு ஆகியவற்றுக்குத்தான். அந்தப் பகுதியை எழுதுகிறவர் முதலில் தேடுவது உங்கள் வரைபடத்தைத்தான்.

பழக ஒரு கட்டம் எடுத்துக்கொள்வோம்

காடாம்புலியூர்ப் பக்கம், அட்சரேகை 11°40' முதல் 11°42' வரை, தீர்க்கரேகை 79°32' முதல் 79°35' வரை. கட்டம் என்று இங்கே சொல்வது ஆய்வுக்கு எடுக்கும் நிலத்துண்டை. இது முழுக்கக் கற்பனைக் கட்டம், இப்படி ஒரு திட்டம் எதுவும் இல்லை. இதைப் படித்துவிட்டு நிலத்தை எடுக்கப் போகிறார்கள் என்று யாரும் வாட்ஸப்பில் கிளப்பிவிட வேண்டாம், ஏற்கெனவே இந்த மாவட்டம் பட்ட பாடு போதும்.

சுமார் 20 சதுர கிலோமீட்டர் வரும். இப்போது புதியவர்கள் எல்லோரும் செய்யும் முதல் தப்பு: 11°40' என்பதை 11.40 என்று தட்டுவது. 40 நிமிடம் என்பது 60இல் 40, அதாவது 0.667. நீங்கள் 11.40, 79.32 என்று போட்டால் உங்கள் கட்டம் ஸ்ரீமுஷ்ணத்துக்கு மேற்கே போய் விழும், முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. கணினி ஒரு வார்த்தை சொல்லாது. அங்கேயும் வயல் இருக்கும், சாலை இருக்கும், பார்ப்பதற்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

அடுத்து ஆள்கூற்று முறை. இடத்தை மீட்டரில் சொல்லும் யு.டி.எம். முறையில் கடலூர், புதுச்சேரி எல்லாமே 44 வடக்கு மண்டலத்தில் வரும், கியூஜிஐஎஸ்ஸில் அதன் எண் 32644. திட்டக் கோப்பு முழுவதையும் அதில் வைத்துவிடுங்கள். நம் கட்டத்தில் கிழக்கு எண் 3,40,000 சுமாரிலும் வடக்கு எண் 12,90,000 சுமாரிலும் வர வேண்டும், வரவில்லை என்றால் எங்கோ பிசகியிருக்கிறது. டிகிரியிலேயே வைத்துக்கொண்டு, ஒன்றைச் சுற்றி இத்தனை தூரம் என்று எல்லை போட "500 தாங்கல் வளையம் போடு" என்று சொன்னீர்களானால் அது 500 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளாது, 500 டிகிரி என்று எடுத்துக்கொண்டு உலகத்தையே விழுங்கிவிடும். சிரிக்காதீர்கள், எல்லோருக்கும் ஒரு தடவை நடக்கும்.

அடிப்படைத் தகவல் எங்கே கிடைக்கும்

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடம்தான் தொடக்கம். நம் கட்டம் பழைய எண் முறையில் 58 எம்/10 தாளில் வரும். துறையின் இணைய வரைபடத் தளத்தில் பதிவு செய்தால் புதிய வரிசைத் தாள்களைப் பிடிஎஃப்பாக எடுக்கலாம். பழைய ஸ்கேன் தாள் கையில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள், அது பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கான எவரெஸ்ட் கோளவுருவை வைத்துப் போட்டது. அதைத் திருத்தாமல் ஜிபிஎஸ் புள்ளிகளோடு சேர்த்தால் நூறு மீட்டருக்கும் மேலாக நகர்ந்து நிற்கும், கோயில் ஏரிக்குள் போய் உட்காரும்.

சாலைகளுக்கும் ஊர்ப் பெயர்களுக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். கியூஜிஐஎஸ்ஸில் குயிக்ஓஎஸ்எம் என்ற செருகுநிரலைப் போட்டால் கட்டத்துக்குள் இருப்பதை நேராக இறக்கிக்கொள்ளலாம், வரைபடத்தின் அடியில் அவர்களுக்கு நன்றி குறிப்பிடுவது கட்டாயம். புவியியல் அடுக்குகளுக்கு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் புகோஷ் தளம். செயற்கைக்கோள் படத்துக்கு சென்டினல்-2, பத்து மீட்டர் துல்லியம், இலவசம். கிராம எல்லை, சர்வே எண் வேண்டுமென்றால் தமிழ்நாட்டு வருவாய்த் துறையின் இணையச் சேவையில் புலப்பட (நிலத்தின் அளவுப் படம்) நகல் எடுக்கலாம், ஆனால் அதை வரைபடத்தில் பொருத்தி உட்கார வைப்பது ஒரு தனிக் கலை, இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

இந்த மாவட்டத்துக்கென்றே சில பொறிகள் உண்டு. பழைய ஆய்வறிக்கைகளில் கடலூர் மாவட்டம் என்றே இருக்காது, தென்னாற்காடு என்றுதான் இருக்கும், 1993இல்தானே பிரித்தார்கள். நெடுஞ்சாலை எண்கள் 2010இல் மாறின, அதனால் விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டி, வடலூர் வழியாகத் தஞ்சாவூர் போகும் சாலையைப் பழைய தாள் 45சி என்று சொல்லும், புதிய பலகை 36 என்று சொல்லும். இரண்டும் ஒரே ரோடுதான். இது தெரியாமல் இரண்டு நெடுஞ்சாலைகளாக வரைந்த ஒரு வரைபடத்தை நான் பார்த்திருக்கிறேன்.

நெய்வேலி இதைவிடப் பெரிய பொறி. திறந்தவெளிச் சுரங்கம் ஓரிடத்தில் நிற்பதில்லை, ஒரு பக்கம் வெட்டிக்கொண்டே முன்னேறும், பின்பக்கம் மேல்மண்ணைக் கொட்டி மூடிக்கொண்டே வரும். ஆகவே பழைய தாளில் இருக்கும் ஊரும் சாலையும் இன்றைக்குப் பள்ளமாக இருக்கலாம், பள்ளமாக இருந்த இடத்தில் இன்றைக்கு மண்மேடு நிற்கலாம். நிலத்தின் ஏற்ற இறக்கத்துக்கு எல்லோரும் எடுப்பது எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவு. அது 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து அளந்தது. மற்ற இடங்களில் இருபத்தைந்து வருடத்தில் மலை எங்கும் ஓடிவிடாது, நெய்வேலியில் ஓடிவிடும். கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் தரவு அதைவிடப் புதியது, அதற்கும் வயது பத்தைத் தாண்டிவிட்டது. எதை எடுத்தாலும் சமீபத்திய செயற்கைக்கோள் படத்தை மேலே போட்டு ஒப்பிடாமல் நம்பாதீர்கள்.

சாலை: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இருந்து இறக்கிய சாலைகளை அப்படியே வண்ணம் பூசிக் கொடுப்பதற்கு நீங்கள் தேவையில்லை. ஒவ்வொரு சாலைத் துண்டுக்கும் நான் இப்போது நிரப்பும் கட்டங்கள் இவை:

- அகலம், எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க இடம் உண்டா
- தார், கான்கிரீட், கப்பி, மண், இவற்றில் எது
- சிறுபாலம், தரைப்பாலம், மதகு எங்கெங்கே, அவற்றின் நிலை
- தாழ்வாகத் தொங்கும் கம்பி, கிளை, ரயில்வே கேட்டின் உயரத் தடுப்பு
- மழையில் போகுமா
- யாருடைய சாலை: தேசிய நெடுஞ்சாலை, மாநிலம், ஊராட்சி ஒன்றியம், தனியார் தோப்பு வழி

மூன்றாவதுதான் என்னைக் கவிழ்த்தது. சிறுபாலம் செயற்கைக்கோள் படத்தில் தெரியாது. முந்திரியும் பலாவும் அடர்ந்த இந்தச் செம்மண் பகுதியில் சில இடங்களில் சாலையே தெரியாது, மரக்கிளை மூடியிருக்கும். வாய்க்கால் அடுக்கையும் சாலை அடுக்கையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, இரண்டும் வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு புள்ளியையும் கியூஜிஐஎஸ்ஸிடம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். "கோடுகள் வெட்டும் புள்ளிகள்" என்று ஒரு கருவி இருக்கிறது, இரண்டு நிமிட வேலை. அந்தப் புள்ளிகள் எல்லாம் பாலமாக இருக்க வேண்டும், இல்லை தண்ணீர் சாலை மேலேயே ஓடவேண்டும். இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பைக்கில் போய் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பாலம் தாங்குமா என்று நம்மால் சொல்ல முடியாது, அது பொறியாளர் வேலை. ஆனால் நல்ல துப்பு ஒன்று உண்டு. ஊர்க்காரரிடம் "இந்த வழியா போர் வண்டி வந்திருக்கா?" என்று கேளுங்கள். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டுப் போர் வண்டி போகாத கிராமம் தமிழ்நாட்டில் குறைவு. அது எந்தப் பக்கமாக வந்தது, எந்தப் பக்கமாகத் திரும்பிப் போனது என்று டீக்கடையில் சொல்லிவிடுவார்கள். "இல்லீங்க, அது சுத்திக்கிட்டுதான் வந்துச்சு" என்று ஒருவர் சொன்னால் அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கரும்பு லாரி, முந்திரி மூட்டை ஏற்றும் லாரி போகும் வழிகளையும் கேளுங்கள். லோடோடு வருகிறவன் சோதித்துப் பார்த்த சாலை அது.

மழை வேறு. இங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அதோடு புயல். 2011 டிசம்பர் 30இல் தானே, 2024 நவம்பர் 30இல் ஃபெங்கல். ஃபெங்கலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர் ஓரத்தை மூழ்கடித்தது. ஆக, தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, இவற்றைத் தாண்டும் ஒவ்வொரு வழிக்கும் ஒரு மாற்று வழியை வரைபடத்தில் வேறு நிறத்தில் காட்டுங்கள். தரைப்பாலத்தையும் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையையும் "மழையில் நம்பக்கூடாது" என்று தனிக் குறியோடு போடுங்கள். சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கி நிற்கும் காட்சி நமக்குப் புதிதா என்ன.

மின்சாரம்

நெய்வேலியைச் சுற்றி மின்கோபுரம் இல்லாத திசையே இல்லை. இரண்டாம் அனல்மின் நிலையம் மட்டுமே 1,470 மெகாவாட். புதியவர்கள் கட்டத்துக்குள் டவர் லைன் ஓடுவதைப் பார்த்ததும் சந்தோஷமாக "மின்வசதி உண்டு" என்று எழுதிவிடுகிறார்கள். 400 கிலோவோல்ட் லைனில் இருந்து நீங்கள் ஒரு பல்புகூட எரிக்க முடியாது. அது உங்களுக்கு வசதி இல்லை, தடை. ரிக்கின் கோபுரத்தை நிமிர்த்தும்போது அதன் பக்கத்தில் போகக்கூடாது, ஆகவே அதற்குத் தாங்கல் வளையம் போட்டு "துளையிடக் கூடாத பகுதி" என்று அடிக்க வேண்டும்.

உங்களுக்கு வேண்டியது 11 அல்லது 22 கிலோவோல்ட் லைன், டிரான்ஸ்பார்மர், துணை மின்நிலையம். எந்த லைன் எத்தனை கிலோவோல்ட் என்று கோபுரத்தில் மாட்டியிருக்கும் அபாயப் பலகையிலேயே போட்டிருக்கும், தள்ளி நின்று கேமராவில் பெரிதாக்கி எடுத்துவிடுங்கள். பலகை இல்லாவிட்டால் தொங்கும் வட்டு இன்சுலேட்டர்களை எண்ணுங்கள். 230க்குப் பதினான்கு சுமார், 400க்கு இருபதுக்கு மேல் இருக்கும்.

ஆய்வுக் கட்டத்தில் டீசல் ஜெனரேட்டரை வைத்தே ஓட்டிவிடுவார்கள், அதனால் இதை நாளைக்குச் சுரங்கம் வந்தால் என்ன ஆகும் என்ற பார்வையில்தான் வரைகிறோம். ஆனால் ஒன்று: தோட்டத்து போர்வெல்லுக்கு வரும் விவசாய மின்சாரம் இலவசம், அது விவசாயத்துக்கு மட்டும். அதை ஓட்டி உங்கள் துளைக்குத் தண்ணீர் எடுத்தால் மாட்டிக்கொள்வது தோட்டக்காரர். அவரை அந்த இக்கட்டில் விடாதீர்கள், வரைபடத்தில் அந்தக் கிணறுகளை "கிடைக்கும் தண்ணீர்" என்று காட்டாதீர்கள்.

தண்ணீர்

துளையிடத் தண்ணீர் வேண்டும், சேறு கலக்க வேண்டும், ஆட்களுக்குக் குடிக்க வேண்டும். ஏரி என்று நீலத்தில் அடித்தால் முடிந்ததா? எந்த மாதம் வற்றும், யாருடைய ஏரி என்று தெரிய வேண்டும். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள ஏரி நீர்வளத் துறையின் கையில், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் கையில். அனுமதி கேட்கும் கதவு எது என்பது இதை வைத்துத்தான் மாறும்.

வீராணம் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுபோகும் குழாய் சேத்தியாத்தோப்பில் ஆரம்பித்து வடக்குத்து, பண்ருட்டி வழியாக 2004இலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. நம் கற்பனைக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே அவ்வளவு தண்ணீர் போகிறது, ஒரு சொட்டும் நமக்கு இல்லை. டவர் லைன் கதைதான். அதற்கும் தாங்கல் வளையம்.

கிணறுகளை மட்டும் ஆர்வமாகக் குறியுங்கள், ஆழம், நீர்மட்டம், தோண்டும்போது என்ன மண் வந்தது என்றெல்லாம் கேட்டு. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு வெட்டியபோது கறுப்பாக ஏதோ வந்ததில்தான் நெய்வேலிக் கதையே ஆரம்பிக்கிறது, 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் வந்தது. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நீர் தேங்கிய அடுக்கு இருக்கிறது, சுரங்கத்தில் அதை இரவுபகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் வெட்டவே முடியும். ஆழத் துளை போட்டவர் ஒருவர் "தண்ணி தானாவே பொங்கிச்சு" என்று சொன்னால் அதைப் புவியியலாளரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

ரயில், துறைமுகம் மற்றவை

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ரயில் பாதையில் நிலையத்தைக் காட்டினால் போதாது, சரக்கு ஏற்றும் இடம் எங்கே என்று காட்டுங்கள். விருத்தாசலம் சந்திப்பும், அங்கிருந்து நெய்வேலி, வடலூர் வழியாகக் கடலூர் முதுநகர் வரும் பாதையும் முக்கியம். கடலூர் சிறு துறைமுகம், மாநிலத்தின் கீழ் வருவது, பெரிய கப்பல் கரையோரம் வந்து நிற்கும் இடம் இல்லை, ஆகவே "துறைமுகம் 23 கி.மீ." என்று மொட்டையாக எழுதி யாரையும் ஏமாற்றாதீர்கள். அந்த 23 நேர்கோட்டுத் தூரம் வேறு. காக்கை பறக்கும் தூரத்தை அறிக்கையில் போடக்கூடாது, சாலைத் தூரத்தையும் லாரி எடுக்கும் நேரத்தையும் போட வேண்டும். அப்புறம் மருத்துவமனை, தீயணைப்பு நிலையம், காவல் நிலையம், டீசல் பங்க், கைப்பேசி சிக்னல். மருத்துவமனையில் இரவில் மருத்துவர் இருப்பாரா என்று கேட்டு எழுதுங்கள், துளைப்பு வேலையில் கை நசுங்குவது அபூர்வம் இல்லை.

கண்ணுக்குத் தெரியாத கோடுகள்

தரையில் எந்த அடையாளமும் இல்லாமல், ஆனால் எல்லாவற்றையும் நிறுத்திவிடக்கூடிய கோடுகள் உண்டு. காப்புக்காடு. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், அதாவது உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர், உப்பனாறு மாதிரி அலை ஏறும் கழிமுகங்களுக்கு வேறு கணக்கு. பிச்சாவரம் சதுப்பு. அப்புறம் 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், அதில் நம் மாவட்டத்திலிருந்து காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஆகிய ஐந்து ஒன்றியங்கள் இருக்கின்றன.

இந்தக் கடைசி அடுக்கு எவ்வளவு முக்கியம் என்று 2023இல் எல்லோரும் பார்த்தோம். ஒன்றிய நிலக்கரி அமைச்சகத்தின் ஏலப் பட்டியலில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே ஒரு கட்டமும், மைக்கேல்பட்டி, வடசேரிக் கட்டங்களும் இருந்தன. எதிர்ப்புக் கிளம்பி, முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதி, ஏப்ரல் மாதத்திலேயே மூன்றும் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. இந்த ஊராட்சி ஒன்றியங்களின் எல்லைக் கோட்டை ஒரு தாளில் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும்.

புதுச்சேரி எல்லை இன்னொரு வேடிக்கை. கடலூரிலிருந்து வடக்கே தென்பெண்ணைப் பாலம் தாண்டினால் முள்ளோடை, அங்கேயே யூனியன் பிரதேசம் ஆரம்பம். ஆனால் அது ஒரே துண்டாக இல்லை, பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என்று தமிழ்நாட்டுக்குள் சிதறிக் கிடக்கிறது. பாகூர்ப் பக்கம் பழுப்பு நிலக்கரி இருப்பது பதிவான விஷயம் என்பதால் அங்கேயும் வரைபடம் கேட்பார்கள். நீங்கள் ஒரு மோட்டார் சைக்கிள் தூரத்தில் மூன்று முறை மாநிலம் மாறிவிடுவீர்கள், ஒவ்வொரு முறையும் மின்துறை வேறு, நில ஆவணம் வேறு, சாலைக்குப் பொறுப்பு வேறு, பெட்ரோல் விலை வேறு. (பாட்டில் விலையும்தான், அதை வரைபடத்தில் யாரும் கேட்டதில்லை.) எல்லைக்கோட்டைத் தடிமனாகப் போட்டு, ஒவ்வொரு வசதிக்கும் "எந்த அரசு" என்று ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள்.

களத்துக்குப் போகும்போது

கைப்பேசியில் கியூஃபீல்டு செயலியைப் போட்டு, கோப்பை இணையமில்லாமல் திறக்கிற மாதிரி ஏற்றிக்கொள்ளுங்கள். திறந்த வெளியில் கைப்பேசி ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் சுமாரில் நிற்கும், பலா மரத்தடியில் அதைவிட மோசம். சாலைக்கும் பாலத்துக்கும் அது போதும், நில எல்லைக்குப் போதவே போதாது.

ஆனால் செயலியைவிட முக்கியமானது, போவதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரையும் ஊராட்சித் தலைவரையும் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவது. இந்த மாவட்டத்தில் நிலம் கொடுத்துவிட்டு வேலைக்கும் இழப்பீட்டுக்கும் அலைந்தவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் கருவியுமாக ஒருவன் வரப்பில் நடந்தால் "நிலம் எடுக்க வந்திருக்கியா தம்பி?" என்று கேட்காமல் வேறென்ன கேட்பார்கள்? மழுப்பாதீர்கள். என்ன கட்டம், யார் அனுப்பியது, என்ன குறித்துக்கொள்கிறீர்கள் என்று கைப்பேசியைக் காட்டியே சொல்லிவிடுங்கள். எனக்கு ஒரு பாட்டி மோர் கொடுத்துவிட்டு, "எழுதிக்கோ, ஆனா எங்க அய்யனார் கோயிலையும் சேத்து எழுதிக்கோ" என்றார். அதுவரை என் அடுக்குகளில் கோயிலுக்கு இடமே இல்லை. குலதெய்வக் கோயில், மயானம், அதற்குப் போகும் பாதை, ஊர்ப் பொதுக் குளம், நெல்லடிக்கும் களம், இவையெல்லாம் ஊர்க்காரரின் உள்கட்டமைப்பு. இப்போது தனி அடுக்காகவே வைத்திருக்கிறேன், ரிக் அந்தப் பக்கம் போகாமல் இருக்க.

தாளில் வரைவது

இரண்டு தாள் போடுங்கள். ஒன்று வட்டாரம்: கட்டத்தைச் சுற்றி 50 கி.மீ., ஏ3 தாளில் 1:5,00,000. கடலூர், புதுச்சேரி, நெய்வேலி, விருத்தாசலம், சிதம்பரம் எல்லாம் அதில் அடங்கும். இன்னொன்று கட்டம் மட்டும், 1:25,000, அதே ஏ3 தாளில் வசதியாக உட்காரும். சிறுபாலமும் கோயிலும் இரண்டாவதில்தான் வரும், முதலாவதில் திணிக்காதீர்கள்.

தமிழில் பெயர் போடுவதாக இருந்தால் ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவத்தை மறந்துவிடுங்கள். தகவல் பத்தியின் தலைப்பு பத்து எழுத்துக்கு மேல் வாங்காது, குறியாக்கம் சரியாக அமையாவிட்டால் தமிழெல்லாம் கேள்விக்குறியாக மாறும். ஜியோபேக்கேஜ் கோப்பில் வையுங்கள், எல்லா அடுக்கும் ஒரே கோப்பில் இருக்கும், தமிழும் கெடாது. எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ் நன்றாக வருகிறது. எழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு கொடுங்கள். ஆங்கில எழுத்தைவிடத் தமிழ் எழுத்து அகலமாக இடம் பிடிக்கும், ஆகவே "திருப்பாதிரிப்புலியூர்" என்ற ஒரே பெயர் பாதித் தாளைச் சாப்பிட்டால் எழுத்தைச் சுருக்காமல் இரண்டு வரியாக உடையுங்கள்.

நிறத்தை முடிவு செய்தபிறகு ஒரு கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். களத்தில் டிரைவர் கையில் இருக்கப்போவது அந்த ஜெராக்ஸ்தான். அதில் சாலையும் வாய்க்காலும் ஒன்றுபோலத் தெரிந்தால், கோட்டின் வகையை மாற்றுங்கள், ஒன்றை முழுக்கோடு, ஒன்றைப் புள்ளிக்கோடு என்று. அளவுகோல், வடக்கு அம்பு, ஆள்கூற்று முறை, தகவல் எங்கிருந்து வந்தது, களத்தில் எந்தத் தேதியில் பார்த்தது, இவை ஓரத்தில் கட்டாயம். களத்தில் பார்க்காத சாலையைப் பார்த்ததாக வரையாதீர்கள், அதற்குத் தனிக் கோட்டு வகை வைத்து "படத்திலிருந்து மட்டும்" என்று எழுதுங்கள். முதல் தடவை இதைச் செய்யும்போது வரைபடம் அரைகுறையாகத் தெரியும், வாங்குகிறவர் முகம் சுளிப்பார். என்னிடம் ஒருவர் அந்தக் குறிப்பை எடுத்துவிட்டு நிறுவனச் சின்னத்தைப் பெரிதாக்கச் சொன்னார். சின்னத்தைப் பெரிதாக்கினேன், குறிப்பை எடுக்கவில்லை.

அனல்மின் நிலையம், விமானத்தளம் போன்ற இடங்களைப் பொறுத்தமட்டில் 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசின் வழிகாட்டுதல் வந்தபின் இந்திய நிறுவனங்களுக்கு வரைபடம் போட முன் அனுமதி தேவையில்லை. ஆனாலும் பாதுகாப்பு சார்ந்த விவரங்களைப் பெயரிட்டு எழுதுவதில் கட்டுப்பாடு உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று வரையாமல் சுற்றுச்சுவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக மூன்று வடிவத்தில் கொடுங்கள்: அச்சுக்குப் பிடிஎஃப், கைப்பேசியில் திறக்கக் கேஎம்எல், அடுத்த ஆள் தொடர்ந்து வேலை செய்ய ஜியோபேக்கேஜ். கோப்புப் பெயரில் தேதி இருக்கட்டும், "கடைசி", "மெய்யான கடைசி" என்றெல்லாம் வேண்டாம். அக்டோபருக்கு முன் பார்த்த சாலைகளைப் பொங்கல் முடிந்ததும் இன்னொரு தடவை பார்த்து, தேதியை மாற்றி, புதிய கோப்பாக அனுப்புங்கள். பழகுவதற்கு மே, ஜூன் நல்ல நேரம், மண் காய்ந்திருக்கும். கடலூரிலிருந்து பண்ருட்டி பஸ் ஏறி, அங்கே யாரிடமாவது பைக் வாங்கிக்கொண்டு காடாம்புலியூர்ப் பக்கம் ஒரு சுற்று வாருங்கள், பாலங்களை எண்ணி முடிக்கும்போது வழியில் பலாச்சுளையும் கிடைக்கும்.